ராமானுஜனுக்குக் கைகொடுத்தவர், மழையைத் தேடியவர்: கில்பர்ட் வாக்கரின் கேள்விக்குத் தேக்கு மரம் சொன்ன பதில்

தாது வருஷப் பஞ்சம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருடம் 1876-இல் பிறந்தது. அந்த வருடம் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. அடுத்த வருடமும் சரியாகப் பெய்யவில்லை. சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு, பெல்லாரி என்று ஊர் ஊராகக் கிணறுகள் வறண்டன. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 5.5 மில்லியன் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடக் கூடுதல் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

சரி, 150 ஆண்டுகளுக்கு முந்தைய பஞ்சத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?

பட்டர்வொர்த்தில், பாகான் டாலாம் பக்கம் கரையோரமாக நின்று பாருங்கள். நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ் டவுன் தெரியும். நீங்கள் நிற்கிற இந்தப் பக்கத்துக்கு அன்றைய பெயர் புரோவின்ஸ் வெல்லஸ்லி. இன்றைய செபராங் பிறைதான். அப்போது இங்கே பெரிய பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் வேலை செய்ய நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாகத் தமிழர்களை ஏற்றி வந்து பினாங்கில் இறக்கினார்கள். 1872-இல் இந்த ஆள் சேர்ப்புக்குச் சட்டப்படி அனுமதியும் கிடைத்திருந்தது. நாலே வருடம் கழித்துத் தாது வருஷம் வந்தது.

பஞ்சம் பிழைக்கப் புறப்பட்டவர்களில் பலர் கண்டிச் சீமைக்கும் பர்மாவுக்கும் போனார்கள். இந்தக் கரைக்கும் ஒரு பகுதியினர் வந்தார்கள். பஞ்சத்துக்கு முன்பும் பின்பும் ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. எல்லோரையும் பஞ்சம்தான் துரத்தியது என்று சொல்ல முடியாது. ஆனால் கப்பலேறும் முடிவை ஒரு குடும்பம் எடுக்கும்போது, அதன் பின்னால் காய்ந்துபோன ஒரு வயல் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அந்த வயல் ஏன் காய்ந்தது? மழை ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியோடு இருபது ஆண்டுகளை இந்தியாவில் கழித்த ஒருவரின் கதை இது. அவர் பெயர் கில்பர்ட் தாமஸ் வாக்கர். அவருக்குப் பாதிப் பதில்தான் கிடைத்தது. மீதிக்குச் சாட்சி மரத்துக்குள் இருந்தது.

சூரியப் புள்ளியா, இமயமலைப் பனியா?

வாக்கர் பிறந்தது 1868-இல், இங்கிலாந்தின் ரோச்டேல் நகரத்தில். தாது வருஷத்தில் அவருக்கு எட்டு வயது. அதனால் அவருக்கு முன்னால் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

இந்திய வானிலைத் துறை 1875-இல் தொடங்கப்பட்டது. தொடங்கிய மறு வருடமே பஞ்சம். துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபர்ட், இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் அடுத்து வரும் பருவமழை குறையும் என்று கண்டார். 1880-களில் அதை வைத்தே மழை முன்னறிவிப்பும் செய்தார். இன்னொரு பக்கம், அரசாங்கப் புள்ளிவிவரத் துறையின் தலைவர் வில்லியம் ஹன்டர், சென்னையின் மழை சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சியோடு ஏறி இறங்குகிறது என்று 1877-இல் எழுதினார். சூரியப் புள்ளி என்ற இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள். இதே புள்ளிதான் இன்னொரு மனிதரை மரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போகப்போகிறது.

பிளான்ஃபர்டுக்குப் பிறகு ஜான் எலியட் வந்தார். 1899-இல் மழை நன்றாக இருக்கும் என்று அவர் அறிவித்தார். வந்ததோ கொடுமையான வறட்சி, மறுபடியும் பெரும் பஞ்சம். பத்திரிகைகள் விடவில்லை. கடைசியில் முன்னறிவிப்பைப் பொதுமக்களுக்குச் சொல்வதையே சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தார்கள். அரசாங்கத்துக்குள் மட்டும் ரகசியமாகச் சுற்றியது. மழை தவறினால் யார் சாவார்களோ, அவர்களுக்குத்தான் அந்தத் தகவல் போகவில்லை.

எலியட்டின் நாற்காலியில் 1904-இல் வந்து உட்கார்ந்தவர்தான் வாக்கர். அப்போது வயது 35. வானிலை பற்றிய அனுபவம் சுத்தமாக இல்லை.

பூமராங் வீசிய கணித மேதை

வாக்கர் கணிதக்காரர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் படித்து, 1889-இல் கணிதத் தேர்வில் முதலிடம் பிடித்தவர். அந்த முதலிடத்துக்கு அங்கே சீனியர் ராங்லர் என்று பெயர். பெரிய மரியாதை. அதற்கு விலையும் கொடுத்தார். உடல் தளர்ந்து, குளிர்காலங்களைச் சுவிட்சர்லாந்தில் கழிக்க வேண்டியதாயிற்று. அங்கே பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டார்.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் பூமராங் எறிந்தவர் கைக்கே ஏன் திரும்பி வருகிறது என்று ஆராய்ந்து கட்டுரை எழுதியவரும் இவரே. தானே எறிந்தும் பார்ப்பார். நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் பூமராங் வாக்கர். பறவைகள் சிறகசைக்காமல் எப்படி மிதக்கின்றன என்பதிலும் புல்லாங்குழலின் அமைப்பிலும் அவருக்குத் தீராத ஆர்வம். இப்படிப்பட்ட ஒருவரிடம் முழு இந்தியாவின் மழையைக் கொடுத்தால் என்ன செய்வார்?

கணக்குப் போடுவார். அதைத்தான் செய்தார்.

அவர் யோசித்தது இதுதான். காற்று எப்படி நகர்கிறது என்பதற்கான முழு இயற்பியல் கையில் இல்லை. அது வரும்வரை விவசாயி காத்திருக்க முடியாது. ஆனால் உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் மழையையும் எழுதி வைத்திருக்கின்றன. எந்த ஊரின் எண், எந்த ஊரின் எண்ணோடு சேர்ந்து ஏறுகிறது? எது ஏறினால் எது இறங்குகிறது? இதைக் கண்டுபிடித்தால், காரணம் தெரியாவிட்டாலும் எச்சரிக்கையாவது கொடுக்கலாம்.

கம்ப்யூட்டர் இல்லாத காலம். சிம்லாவில் இருந்த தலைமையகத்தில் இந்திய எழுத்தர்கள் வரிசையாக உட்கார்ந்து கையாலேயே பெருக்கி, கூட்டி, வகுத்தார்கள். வருடக்கணக்கில் இது நடந்தது. நீங்கள் இன்றைக்கு எக்செலில் ஒரு வினாடியில் போடுகிற ஒட்டுறவுக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் அப்போது ஒரு மனிதரின் பல மணி நேரம் போனது. வாக்கரின் பெயரில் உலகம் அறிந்த கண்டுபிடிப்பில் இந்தக் கைகளின் உழைப்பும் உண்டு என்பதை நான் இங்கே சொல்லாமல் விட மாட்டேன்.

அவரிடம் பிடித்த இன்னொரு குணம், சந்தேகம். ஆயிரம் ஜோடிகளை ஒப்பிட்டால் நாலைந்து ஜோடி சும்மா தற்செயலாகவே பொருந்திப் போகும் இல்லையா? லாட்டரியில் யாராவது ஒருவருக்கு விழுந்தே தீரும் என்பது போல. அந்தப் பொய்ப் பொருத்தத்தை எப்படி ஒதுக்குவது என்று 1914-இலேயே ஒரு சோதனை முறையை எழுதினார். சூரியப் புள்ளிகளையும் அவர் விடவில்லை. உலகின் பல ஊர்களின் மழையோடும் வெப்பத்தோடும் பொருத்திப் பார்த்தார். முன்னறிவிப்புக்கு நம்பும் அளவு வலுவான உறவு தென்படவில்லை.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு நாள்

இதற்கு நடுவே, 1913 பிப்ரவரி கடைசியில், வாக்கர் சென்னைக்கு வந்தார். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு கணக்கர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்தக் கணக்கரின் கணிதக் குறிப்புகளை வாக்கருக்குக் காட்டினார். மறுநாளே வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இவர் சாப்பாட்டுக்குக் கவலைப்படாமல் சில ஆண்டுகள் கணிதம் மட்டுமே செய்ய வழி பண்ணுங்கள் என்பது அதன் சாரம். அந்த மே மாதத்திலிருந்து கணக்கருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. மறு வருடம் அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

அந்தக் கணக்கர் சீனிவாச ராமானுஜன்.

ஹார்டியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். வானிலைத் துறையின் தலைவருக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது பலருக்குத் தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான ராமானுஜனின் ஊரே காவிரியையும் மழையையும் நம்பி வாழ்கிற ஊர். ஆனால் அவரை வாக்கரோடு இணைத்தது மழை அல்ல, எண்கள்தான்.

கடலின் இரண்டு முனைகளில் ஒரு ஏற்றப்பலகை

கணக்குப் போட்டுப் போட்டு வாக்கர் கண்டது என்ன? பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடும் ஏற்றப்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் பசிபிக் பெருங்கடல். மறுமுனையில் இந்தியப் பெருங்கடலும் ஆஸ்திரேலியாவின் டார்வினும். பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தப் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. இந்தப் பக்கம் அழுத்தம் அதிகமான ஆண்டுகளில் இந்தியாவின் பருவமழை தடுமாறுகிறது. 1924-இல் இதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். அவருக்கு முன்பே சிலர் இதன் சாயலைப் பார்த்திருந்தார்கள். அதை உலக அளவில் அளந்து நிறுத்தியவர் வாக்கர்.

அதே ஆண்டு அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து, 1934 வரை அங்கே இருந்தார்.

கேட்கப் பெரிய வெற்றிக் கதை மாதிரி இருக்கிறது. ஆனால் சக விஞ்ஞானிகள் பலர் அசையவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று வாக்கரால் சொல்ல முடியவில்லை. இன்னொரு பிரச்சினையும் இருந்தது. அவரிடம் இருந்த பதிவுகளில் பெரும்பாலானவை ஐம்பது ஆண்டுகளுக்கு உட்பட்டவை. எல் நினோ சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வரும். ஐம்பது ஆண்டில் அப்படி எத்தனையைப் பார்த்துவிட முடியும்? அவர் கண்டுபிடித்த சில உறவுகள் பிந்தைய ஆண்டுகளில் தளர்ந்தும் போயின.

வாக்கருக்குத் தேவைப்பட்டது, ஐந்நூறு ஆண்டுப் பழமையான ஒரு மழைமானி. ஐந்நூறு ஆண்டுக்கு முன்னால் மழைமானி ஏது?

செவ்வாயிலிருந்து மரத்துக்கு வந்தவர்

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்திருப்பீர்கள். வட்டம் வட்டமாகக் கோடுகள். குளிரோ வறட்சியோ வரும் இடங்களில் மரம் ஆண்டில் சில மாதம் வளர்வதை நிறுத்தும், பிறகு மறுபடி தொடங்கும். நிறுத்தித் தொடங்கிய தடம்தான் அந்தக் கோடு. தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில், நல்ல மழை பெய்த ஆண்டு அகல வளையம், மழை பொய்த்த ஆண்டு ஒடுங்கிய வளையம்.

இதை ஓர் அறிவியலாக்கியவர் அமெரிக்கர் ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளஸ். வாக்கரைவிட ஒரு வயது மூத்தவர். தொழிலால் வானியலாளர். செவ்வாய்க் கிரகத்தில் கால்வாய்கள் இருப்பதாக நம்பிய பெர்சிவல் லோவலிடம் அரிசோனாவில் வேலை பார்த்தார். அந்தக் கால்வாய்கள் கண்ணின் ஏமாற்றாக இருக்கலாமே என்று சந்தேகம் எழுப்பியதும் 1901-இல் வேலை போனது. பிறகு அவர் தேடியது சூரியப் புள்ளிகளின் சுழற்சியை. சூரியன் மழையை மாற்றினால், மழை மரத்தை மாற்றும். அப்படியானால் சூரியனின் பழைய கணக்கு மரத்தில் இருக்கும் அல்லவா? 1904-இலிருந்து மரத்துண்டுகளைச் சேகரிக்கத் தொடங்கினார். அதாவது, சிம்லாவில் வாக்கர் பொறுப்பேற்ற அதே ஆண்டு.

சூரியச் சுழற்சி பற்றிய டக்ளஸின் கருத்து நிலைக்கவில்லை. நிலைத்தது அவருடைய முறை. கடைப் பொருள்களில் இருக்கும் பார்கோட்டை எண்ணிப் பாருங்கள். ஒல்லி, தடிமன், ஒல்லி, ஒல்லி, தடிமன். ஒரே வட்டாரத்து மரங்களிலெல்லாம் இந்த வரிசை ஒன்றுபோலவே இருக்கும், ஏனென்றால் எல்லா மரமும் ஒரே மழையைத்தான் குடித்தது. உயிருள்ள மரத்தின் உள்பக்க வரிசையை, பழைய வீட்டு உத்தரத்தின் வெளிப்பக்க வரிசையோடு பொருத்தினால் காலம் பின்னால் நீளும். அந்த உத்தரத்தை அதைவிடப் பழைய உத்தரத்தோடு பொருத்தினால் இன்னும் நீளும்.

1929-இல் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கருகிய உத்தரம் ஒன்று, துண்டாக நின்ற இரண்டு நீண்ட வரிசைகளை இணைத்தது. அதன் பிறகுதான் அப்பகுதிப் பழங்குடிகளின் பழைய கல் குடியிருப்புகள் கட்டப்பட்ட ஆண்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. 13-ஆம் நூற்றாண்டின் கடைசி 25 ஆண்டுகளில் அங்கே நீண்ட வறட்சி அடித்ததும் தெரிந்தது.

நமக்குப் பக்கத்து வீட்டு மரம்

அரிசோனா பைன் மரம் இருக்கட்டும். வெப்பமண்டலத்தில் இது நடக்குமா? நம் நாட்டுக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை ஆண்டு முழுக்க மழை வாங்கி, நிற்காமல் வளர்பவை. அவற்றில் ஆண்டு வளையத்தைத் தேடினால் கண்தான் வலிக்கும். ஆனால் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வெயில் காய்ந்ததும் ரப்பர் மரங்கள் இலை கொட்டுவதைச் சொல்வார்கள். தேக்கும் அந்த ரகம்தான். மலாயில் ஜாத்தி. வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு வளர்ச்சியை நிறுத்திவிடும். முதல் மழை விழுந்ததும் பெரிய துளைகள் கொண்ட புதுக் கட்டையை உருவாக்கும். குறுக்கே அறுத்துப் பார்த்தால் அந்தத் துளைகள் வரிசையாக வளையத்தின் தொடக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைப் பயன்படுத்திக்கொண்டவர் ஹென்ட்ரிக் பெர்லாகே. புகழ்பெற்ற டச்சுக் கட்டடக் கலைஞரின் மகன். பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வானிலை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஜாவாத் தேக்கின் வளையங்களை அளந்து 1514 முதல் 1929 வரை 416 ஆண்டுகளுக்கான வரிசையை 1931-இல் வெளியிட்டார். பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகத் தெற்கே போனால் வந்துவிடும் ஒரு தீவின் கதை இது. அதே பெர்லாகே பிற்காலத்தில் வாக்கரின் தென் அலைவைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். வாக்கரின் ஏற்றப்பலகையும் தேக்கின் வளையமும் ஒரே மனிதரின் மேசையில் சந்தித்தன.

தேக்கை எண்ணுவது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். வளரும் பருவத்தின் நடுவில் மழை இடைவெளி விட்டால் மரம் பொய்யாக ஒரு வளையம் போடும். ரொம்பவும் வறண்ட ஆண்டில் வளையமே போடாமலும் விட்டுவிடும். அதனால் ஒரு மரத்தை நம்பி யாரும் முடிவு சொல்வதில்லை. பல மரங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத்தான் ஆண்டு எழுதுவார்கள். உயிருள்ள மரத்தை வெட்டவும் வேண்டாம். உள்ளே குழலான துரப்பணத்தைத் திருகி, பென்சில் தடிமனில் ஒரு குச்சியை உருவி எடுத்தால் போதும்.

வாக்கர் பார்க்காத வெற்றி

ஓய்வுக்குப் பிறகும் வாக்கர் எழுதிக்கொண்டிருந்தார். புல்லாங்குழலும் பறவையும் கூடவே இருந்தன. 1958 நவம்பர் 4-ஆம் தேதி, 90 வயதில், இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் காலமானார். அவருடைய உலக வானிலைக் கணக்குகளிலிருந்து பெரிய கோட்பாடு எதுவும் முளைக்கவில்லை என்ற தொனியில்தான் அறிவியல் இதழில் அஞ்சலிக் குறிப்பு வந்தது.

நேரத்தைப் பாருங்கள். அவர் இறப்பதற்குச் சற்று முன்புதான், 1957-58-இல், ஒரு பலமான எல் நினோ பசிபிக்கைச் சூடாக்கியிருந்தது. அது சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு. பல நாட்டு விஞ்ஞானிகளும் கருவிகளை வைத்துக் காத்திருந்த நேரம். அந்த அளவீடுகளையும் பெர்லாகேயின் எழுத்துகளையும் வைத்து, ஜேக்கப் பியர்க்னெஸ் 1969-இல் புதிரை அவிழ்த்தார். வாக்கர் கண்ட காற்றழுத்த ஏற்றப்பலகையும், பெரு நாட்டு மீனவர்கள் அறிந்த எல் நினோ என்ற கடல் சூடும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்கள். வழக்கமாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று, வெதுவெதுப்பான கடல்நீரை நம் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் காற்று மேலெழுந்து நமக்கு மழை தரும். காற்று தளர்ந்தால் சூடும் மழையும் கிழக்கே நகர்ந்துவிடும். இந்தச் சுழற்சிக்குப் பியர்க்னெஸ் வைத்த பெயர், வாக்கர் சுழற்சி. அது மேலெழும் பகுதி மலேசியாவும் இந்தோனேசியாவும் இருக்கிற இந்த வட்டாரத்தின் தலைக்கு மேல்தான் இருக்கிறது.

சரி, ஐந்நூறு ஆண்டு மழைமானி?

அது 2010-இல் கிடைத்தது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போர்கவங்கரும் குழுவினரும் கேரளக் காட்டுத் தேக்குகளை வைத்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு வரிசை ஒன்றை வெளியிட்டார்கள். தேக்கு ஒடுங்கி வளர்ந்த ஆண்டுகள் பெரும்பாலும் பருவமழை குறைந்த ஆண்டுகளாகவே இருந்தன. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அவற்றில் பல, எல் நினோ ஆண்டுகளோடு ஒத்துப்போயின. வாக்கரின் எழுத்தர்கள் சிம்லாவில் கையால் போட்ட கணக்கை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்கள் தனியாக ஒரு முறை போட்டு வைத்திருந்தன.

அதே ஆண்டு, எட்வர்ட் குக் தலைமையிலான அமெரிக்கக் குழு ஆசியா முழுவதிலுமிருந்து 300-க்கும் மேற்பட்ட மரவளைய வரிசைகளைச் சேர்த்து, ஆண்டுவாரியான வறட்சி வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. எந்த ஆண்டு எந்த வட்டாரம் காய்ந்தது என்று படமாகவே பார்க்கலாம். அதில் தனித்துத் தெரியும் பெரும் வறட்சிகளில் ஒன்று 1790-களுடையது. பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் இறங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். இன்னொன்று 1876 முதல் 1878 வரை.

தாது வருஷம். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் தாத்தா எதுவும் எழுதி வைக்காமல் போயிருக்கலாம், ஆனால் அவர் பார்த்த வானம் ஆசியாவின் காடுகளில் பதிவாகியிருக்கிறது.

எல்லாப் பழியும் வானத்துக்கா?

இங்கே இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, எல் நினோ என்ற ஒற்றைச் சொல்லால் தாது வருஷத்தை விளக்கிவிட முடியாது. பெரிய எல் நினோ 1877-இல்தான் வந்தது. சென்னை மாகாணம் 1876-இலேயே காய ஆரம்பித்துவிட்டது. மரவளையங்களையும் பழைய கடல் வெப்பப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அதற்கு முன் பசிபிக் நீண்ட காலம் குளிர்ந்து கிடந்தது, பிறகு மிகப் பலமான எல் நினோ வந்தது, கூடவே இந்தியப் பெருங்கடலும் வட அட்லாண்டிக்கும் வழக்கத்துக்கு மாறாக இருந்தன என்று காட்டியது. இதில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுக் கரையோரத்துக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழை, எல் நினோ ஆண்டுகளில் பல நேரம் கூடத்தான் செய்கிறது. கேரளத் தேக்கு சொல்வதை அப்படியே நாகப்பட்டினத்துக்கு எடுத்துப் போக முடியாது.

இரண்டாவது, மரம் வறட்சியை மட்டும்தான் எழுதும், பஞ்சத்தை எழுதாது. 1877 ஜனவரி 1-ஆம் தேதி, மகாராணி விக்டோரியா இந்தியாவின் பேரரசியானதைக் கொண்டாட வைஸ்ராய் லிட்டன் டில்லியில் மாபெரும் தர்பார் நடத்தினார். பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. நிவாரண வேலை செய்த ஆணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். மழை பொய்த்ததற்கு வாக்கரிடம் பதில் தேடலாம். இத்தனை பேர் செத்ததற்கு அவருடைய அட்டவணையில் பதில் கிடையாது. அந்தப் பதில் அரசாங்கக் கோப்புகளில் இருக்கிறது.

இன்று நம் குழாயில்

2015-இல் புகைமூட்டத்துக்காகப் பள்ளி மூடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மறு வருடம் வெயில் தாங்காமல் பெர்லிஸ், கெடா பக்கத்தில் பள்ளிகளை மூடினார்கள். இரண்டுமே ஒரே பலமான எல் நினோவின் காலம். பினாங்கின் குடிநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடாவிலிருந்து வருகிறது. அங்கே மழை குறைந்தால் பாகான் டாலாம் அடுக்குமாடியின் மேல்மாடிக் குழாயும் கேள்விக்குறிதான்.

எங்கள் செய்தியறைக்கு வரும் வானிலை அறிக்கைகளில் எல் நினோ என்ற சொல் வந்தாலே, கூடவே தென் அலைவுக் குறியீடு என்று ஒரு எண்ணும் வரும். அறிவிப்பாளர் அதைப் பெரும்பாலும் வாசிப்பதில்லை, நேரம் இருக்காது. டாஹிட்டி தீவின் காற்றழுத்தத்தையும் டார்வினின் காற்றழுத்தத்தையும் ஒப்பிட்டு மாதாமாதம் அதைக் கணக்கிடுகிறார்கள். டார்வின், வாக்கரின் பட்டியலில் 1924-இலேயே இருந்த ஊர்.